கேட்கும் காதும் கேட்பவர் கொள்கையும்

துன்பத்தில் இருப்பவனுக்கு ஆறுதல் கூறுவது மனித இனம் தோன்றிய நாள்தொட்டு உள்ள வழக்கம். பாட்டி கூறினாள், ஆசான் கூறினான், ஊர்ப் பெரியவர் கூறினார். ஆயின், முன்பின் அறியாத ஒருவர் எதிரே குறித்த நேரத்தில் அமர்ந்து மனத்தைத் திறப்பதும், கேட்பதையே தொழிலாகப் பயின்றவர் அதைக் கேட்பதும் சென்ற நூற்றாண்டில் வளர்ந்த முறையாகும். இதனைக் கவுன்சலிங் என்கிறோம். தமிழில் ஆலோசனை என்றும், ஆற்றுப்படுத்துதல் என்றும் வழங்குகிறோம்.

ஆற்றுப்படுத்துதல் என்றதும் பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் நம் நினைவிற்கு வரும். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு வழி காட்டுகிறான். அவனுக்கு வழி தெரியும். நடந்து வந்த வழியன்றோ! ஆனால் மனத்தின் வழி யாருக்குத் தெரியும்? ஆலோசகருக்கா, அவரை நாடி வந்தவருக்கா? இந்த வினாவிற்கு அறிஞர்கள் அளித்த வெவ்வேறு விடைகளே ஆலோசனைக் கொள்கைகள். அவை ஏட்டில் உறங்குபவை அல்ல. ஆலோசகர் எதைக் கேட்கிறார், எதைக் கேளாமல் விடுகிறார், எப்போது பேசாதிருக்கிறார் என்பனவற்றையெல்லாம் அவர் கொண்ட கொள்கையே முடிவு செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். வெளிமாநிலத்தில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் முதல் மாணவர். இங்கே முதல் பருவத்திலேயே ஒரு பாடத்தில் தவறிவிட்டார். ஒரு மாதமாக வீட்டாரோடு பேசவில்லை. வகுப்பில் வாய் திறப்பதில்லை. கூட்டம் குறைந்த பிறகே உணவுக் கூடத்திற்குப் போகிறார். இவர் நான்கு ஆலோசகரிடம் தனித்தனியே சென்றால் என்ன நிகழும்?

முதலாமவர் பிராய்டின் வழி வந்தவர். வியன்னா நகர மருத்துவரான பிராய்டு (1856–1939), இன்றைய துன்பத்தின் வேர் நாம் அறியாத அடிமனத்தில், இளமை நிகழ்ச்சிகளில் புதைந்திருக்கிறது என்றார். நம் நாட்டில் இக்கொள்கை மிக முன்னதாகவே வேரூன்றியது. பிராய்டோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த கிரீந்திரசேகர போஸ், 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். இவ்வழி நிற்கும் ஆலோசகர் தேர்வைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மனத்தில் தோன்றுவதையெல்லாம் சொல்லச் சொல்வார். பேச்சு எங்கே தயங்குகிறது என்று கவனிப்பார். சில வாரங்களில் மாணவர் தந்தைக்கு அஞ்சுவதுபோலவே ஆலோசகருக்கும் அஞ்சத் தொடங்கினால், நோயின் திறவுகோல் கிடைத்துவிட்டதாகக் கொள்வார்.

இரண்டாமவர் அமெரிக்க அறிஞர் கார்ல் ரோஜர்ஸின் (1902–1987) வழி நிற்பவர். வந்தவரை ‘நோயாளி’ என்னாது ‘நாடி வந்தவர்’ என்று அழைத்தவர் ரோஜர்ஸ். வழி, வந்தவருக்கே தெரியும். அதைக் காண்பதற்கேற்ற சூழலை அமைப்பதே ஆலோசகர் கடன் என்பது அவர் கருத்து. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் உள்ளத்தில் நின்று உணர்தல் ஆகியவற்றை இன்றியமையாதனவாக 1957-இல் எழுதிய கட்டுரையில் அவர் வற்புறுத்தினார். இவ்வாலோசகர் அறிவுரை கூறமாட்டார். “தேர்வில் தவறியதைவிட, அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியிருப்பதுதான் உங்களை வாட்டுகிறது போலும்” என்று, மாணவர் சொன்னதன் உட்பொருளை அவரிடமே திருப்பித் தருவார்.

மூன்றாமவர் ஏரன் பெக்கின் (1921–2021) வழியினர். பெக் முதலில் பிராய்டின் வழியிலேயே பயின்றவர். உளச்சோர்வுற்றோரின் கனவுகளில் அடக்கிய சினம் வெளிப்படும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். அவர் கண்டதோ தோல்வியும் இழப்புமே. எனவே, மனத்தில் தாமாக ஓடும் எண்ணங்களை நோக்கினார். இவ்வழி ஆலோசகர் ஒரு தாளை எடுத்துக் கோடிடுவார். நிகழ்ச்சி ஒரு பக்கம், எண்ணம் ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம். “ஒரு பாடத்தில் தவறினேன், ஆகவே நான் எதற்கும் உதவாதவன்” என்று மாணவர் எழுதினால், அந்த ‘ஆகவே’ என்ற சொல்லுக்குச் சான்று கேட்பார். ஏழு நாள் எண்ணங்களைக் குறித்து வருமாறு வீட்டுப் பாடமும் தருவார்.

நான்காமவர் நடத்தைக் கொள்கையினர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜோசப் வோல்ப் 1958-இல் வெளியிட்ட நூலில், அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை விளக்கினார். இவ்வாலோசகர் ஏன் என்று நெடுநேரம் ஆராயமாட்டார். உடலைத் தளர்த்திக்கொள்ளப் பழக்குவார். இந்த வாரம் அடுத்த அறை நண்பரிடம் ஓர் ஐயம் கேள். அடுத்த வாரம் ஆசிரியரின் அறைக்குச் செல். அதற்கடுத்த வாரம் வகுப்பில் எழுந்து கேள் என்று ஏணி அமைத்துத் தருவார்.

மாணவர் ஒருவரே, துன்பமும் ஒன்றே. ஆயினும் ஒருவர் தந்தையைக் காண்கிறார். ஒருவர் உணர்ச்சியைக் காண்கிறார். ஒருவர் எண்ணத்தைக் காண்கிறார். ஒருவர் செயலைக் காண்கிறார். இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டா. 1965-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் ஒரே பெண்மணி ரோஜர்ஸ், பெர்ல்ஸ், எல்லிஸ் ஆகிய மூன்று அறிஞர்களுடன் தனித்தனியே உரையாடினார். மணமுறிவுக்குப்பின் மகளிடம் உண்மையைச் சொல்லலாமா என்று அவர் கேட்டதற்கு, ரோஜர்ஸ் விடை கூறாமல் அவர் உள்ளத்தையே உசாவ வைத்தார். அஞ்சுவதாகச் சொல்லிக்கொண்டே சிரிப்பதைப் பெர்ல்ஸ் சுட்டிக்காட்டிக் கடிந்தார். எல்லிஸ் அவருடைய எண்ணப் பிழைகளை எடுத்துரைத்துத் துணிந்து பழகுமாறு பணித்தார். மூன்று அறைகளிலும் மூன்று வேறு பெண்கள் பேசியதுபோல் தோன்றும்!

ஆயின், எந்தக் கொள்கையும் முழுமையானதன்று. அதன் வெளிச்சம் படாத மூலையும் உண்டு. மாணவரின் இடர் பயிற்று மொழியில் இருக்குமானால், குழந்தைப் பருவத்தைத் தோண்டுவது காலத்தை வீணாக்கும். மூத்தோர் சொல்லை எதிர்பார்த்து வந்தவருக்கு, விடை கூறாத ஆலோசகர் கைவிட்டவராகத் தோன்றலாம். இந்திய உளமருத்துவர் ஜே. எஸ். நெகி, குரு–சீடர் உறவு நம்மவர்க்குப் பொருந்தும் முன்மாதிரியாகலாம் என்று 1973-இல் எழுதியது இங்கு எண்ணத்தக்கது. வகுப்பில் அவருடைய பேச்சையோ சாதியையோ யாரேனும் உண்மையாகவே இழிவுசெய்திருந்தால், “உன் எண்ணத்தைத் திருத்து” என்பது அநீதிக்குத் துணைபோவதாகும். ஏணி மட்டும் அமைத்துத் தருபவர், ஏறுபவரின் உள்ளே இருக்கும் துயரத்தைக் காணாது விடலாம்.

மேலும், இக்கொள்கைகள் பெரும்பாலும் தனி மனிதனையே அளவாகக் கொண்டவை. நம் நாட்டிலோ மனத்துயரம் குடும்பத்தோடு பின்னிக் கிடக்கிறது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூரிலும் குடும்பம் உடனிருக்கும் முறை வளர்ந்தது. நம் மாணவருக்கும் ஐந்தாவது வழி ஒன்று உண்டு. அவர் இசைந்தால், தந்தையையும் பேச்சில் சேர்ப்பதே அது. அவர் இசையாதபோது சேர்ப்பது உதவியாகாது.

அப்படியாயின் எது சிறந்தது? 1936-லேயே ரோசன்சுவெய்க் என்னும் அமெரிக்க உளவியலார், மாறுபட்ட முறைகள் ஒத்த பயன் தருவதைச் சுட்டி, அவற்றுக்குப் பொதுவான கூறுகளே காரணமாகலாம் என்றார். 1979-இல் போர்டின் அக்கூறுகளுள் ஒன்றைத் தெளிவாக்கினார். ஆலோசகரும் வந்தவரும் இலக்கில் ஒன்றுபடுதல், செய்யவேண்டிய பணியில் ஒன்றுபடுதல், இருவரிடையே நம்பிக்கைப் பிணைப்பு ஆகிய மூன்றையும் கொண்ட கூட்டுறவு அது. குறிப்பிட்ட அச்சம் போன்ற சில இடர்களுக்குக் குறிப்பிட்ட முறை மிகுந்த பயன் தரும் என்பதும் உண்மையே. எனினும், கூட்டுறவு அமையாத இடத்தில் எந்த முறையும் நிலைப்பதில்லை.

இதனால் நாம் பெறும் பயன் யாது? ஒருமுறை சென்று, “அவர் ஒன்றுமே சொல்லவில்லை” என்றோ, “ஓயாமல் வீட்டைப் பற்றியே கேட்டார்” என்றோ சலித்து, இனி எவரிடமும் செல்வதில்லை என்று முடிவு செய்யும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பொருந்தாதது அந்த வழியாக இருக்கலாம். உதவி பெறுவதே பொருந்தாது என்பதன்று. முதல் நாளே கேளுங்கள்: தாங்கள் எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள்? எத்தனை முறை வரவேண்டியிருக்கும்? நான் சொல்வது யாருக்கெல்லாம் தெரியும்? எந்த நிலையில் பிறரிடம் சொல்வீர்கள்? தமிழில் பேச வாய்ப்பு உண்டா? நல்ல ஆலோசகர் இவ்வினாக்களை வரவேற்பார். ஆங்கிலத்தில் தேர்வு எழுதலாம்; அழுகை பெரும்பாலும் தாய்மொழியில்தான் வருகிறது.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் பணித்துள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் உதவுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமானால், கொள்கை எது என்று ஆராய்ந்து கொண்டிராமல் அந்த நொடியே ஒருவரை அழைக்க வேண்டும். நண்பர் தனியே விடப்படலாகாது.

கொள்கை, ஆலோசகர் கையில் உள்ள விளக்கு. அது எந்தப் பக்கம் ஒளி வீசுகிறது என்று அறிந்து செல்பவருக்கு, இருள் உள்ள பக்கத்தைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இங்கேயும் சற்றுப் பாருங்கள்” என்று சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையை நம் மாணவர்கள் தயங்காது கைக்கொள்வார்களாக!