ஆச்சியின் பெயர் என்ன?



நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே, திருப்பலியில் நினைவுகூர வேண்டிய இறந்தோரின் பெயர்களை மக்கள் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தாள்களில் நாம் ஆண்டுதோறும் காண்பது ஒன்று உண்டு. தாத்தாவின் பெயர் இருக்கும். சில வீடுகளில் பூட்டனின் பெயர்கூட இருக்கும். அடுத்த வரியில் 'ஆச்சி' என்று மட்டும் இருக்கும். புளியங்குடியில் ஒரு அம்மாவிடம், "ஆச்சி பேரு என்னம்மா?" என்று கேட்டோம். "ஆச்சின்னுதான் சாமி கூப்பிடுவோம், பேரு யாருக்குத் தெரியும்?" என்றார்.

டிசம்பர் 17 அன்று மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியலை வாசிக்கக் கேட்கிறோம். வெறும் பெயர்கள்தானே என்று கவனம் சிதறிவிடுகிறது. ஆனால் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, மரியா என ஐந்து பெண்களை மத்தேயு விடாமல் குறிக்கிறார். (உரியாவின் மனைவிக்கு அங்கும் பெயர் இல்லை, நம் ஆச்சியைப் போலவே!)

நம் ஆச்சிகளின் பெயர்களில் பல, பங்கு அலுவலக அலமாரியில் இருக்கின்றன. திருமணங்களையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பங்குகள் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. ஞானஸ்நானப் புத்தகத்தில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரும் எழுதப்படுகிறது. ஆகவே தாத்தாவின் பிள்ளைகளில் ஒருவருடைய பதிவைக் கண்டுபிடித்தால் ஆச்சியின் பெயர் கிடைத்துவிடும். பக்க ஓரத்தையும் பாருங்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் யாரை, எந்தக் கோவிலில் மணந்தார் என்ற குறிப்பு அங்கே இருக்கலாம். அடுத்துப் போக வேண்டிய ஊர் அதுதான்.

பழைய புத்தகங்கள் பல இலத்தீனில் இருப்பதால், முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். 'பாத்தெர்' தந்தை, 'மாத்தெர்' தாய், 'பத்ரீனுஸ்' ஞானத்தந்தை, 'மத்ரீனா' ஞானத்தாய். இவை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. பெயர்களில்தான் தடுமாற்றம். வீட்டில் ராயப்பன் என்பவர் புத்தகத்தில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். பெயரே காலத்தையும் காட்டும். லூர்து என்ற பெயரை 1858க்கு முன் தேடுவது வீண் வேலை.

நம் பங்கில் கிடைக்காவிட்டால் தாய்ப்பங்கில் கேட்க வேண்டும். பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இல்தான் உருவானது; அதற்கு முன் நாம் மதுரையைச் சேர்ந்திருந்தோம், 1938க்கு முன் திருச்சிராப்பள்ளியை. 1918 முதல் 1983 வரை நடைமுறையில் இருந்த திருச்சபைச் சட்டம், பங்குப் புத்தகங்களின் நகலை ஆண்டுதோறும் ஆயரகத்துக்கு அனுப்பச் சொன்னது. பங்கில் செல்லரித்த பக்கம் ஆயரகத்தில் தப்பியிருக்கக்கூடும். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019இல். பழைய தாள்களில் எல்லாம் திருநெல்வேலிதான்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது. மாமன் மகளையோ அத்தை மகளையோ முடிப்பதற்குத் திருச்சபையின் விதிவிலக்கு வேண்டும். அதற்காக இருவருடைய தாத்தா ஆச்சி வரை கேட்டு எழுதுவார்கள். ஓலை வாசிக்கும்போது வேண்டாத தொந்தரவாகத் தெரிந்த அந்தத் தாள், பேரப்பிள்ளைகளுக்குப் பொக்கிஷம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இப்போது நான்காம் படி உறவு என்று எழுதுவதை 1983க்கு முன் இரண்டாம் படி என்றே எழுதினார்கள். எண்ணும் முறைதான் மாறியது, உறவு ஒன்றுதான்.

கற்றுக்கொடுக்கும்போது நாம் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். முதன்முதலாக இளையோரைக் கூட்டி வைத்து, ஒரு பதிவை உரக்க வாசித்தோம். தந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவர் அங்கேயே இருந்தார். அதற்குப் பிறகு அவரவர் வீட்டுப் பதிவை அவரவருக்கு மட்டுமே காட்டுகிறோம். கைப்பேசியில் படம் எடுக்க விடுவதில்லை. பழைய பதிவுகளில் சாதியும் எழுதப்பட்டிருக்கலாம். அதைத் தேடிப் பெருமை பேச வருகிறவருக்கு அலமாரி திறக்காது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், கிறிஸ்தவரான தலித் மக்கள் பட்டியல் சாதியினருக்குரிய உரிமையை இழந்தார்கள். அதனால் புத்தகத்தில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழ்ந்தவர்கள் நம் நடுவில் உண்டு. அவர்கள் பிழைப்பு அந்த இரண்டு பெயரில் இருக்கிறது. ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் ஒரு பெரியவரும் ஒரு கல்லூரிப் பிள்ளையும் சேர்ந்து உட்காருகிறார்கள். பெரியவருக்கு உறவுமுறை தெரியும், பிள்ளைக்கு எழுத்துப் பிடிபடும். தேடிக் கையில் கொடுத்துவிடக் கூடாது, தேடக் காட்டித்தர வேண்டும் என்பதே நம் ஏற்பாடு.

முதலில் சொன்ன அம்மாவும் பேரனோடு வந்து உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறு பதிவு கிடைத்தது. ஆச்சியின் பெயரைத்தான் இந்த அம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்திருந்தார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று, வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்திருக்கிறார்கள்.