மூன்று மில்லிமீட்டர்ப் புதுப்பூச்சி

ஊவாவின் மடுல்சீமைத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் சேரும் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள்களில் ஒன்று மெல்ல நகரக்கூடும். நகர்ந்தால் அது பெரும்பாலும் கேடிஸ் பூச்சியின் புழு. வளர்ந்தபின் சிற்றந்து போலப் பறக்கும். ஆனால் இறகில் செதிலுக்குப் பதில் மயிர். வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துக்கும் மிக நெருங்கிய உறவினம் இதுதான்.

இவற்றில் மிகச் சிறியவை ஹைட்ரோப்டிலிடே குடும்பத்தவை. நுளம்பைவிடச் சிறிய, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பூச்சிகள். ஆனாலும் கேடிஸ் குடும்பங்களிலேயே அதிக இனங்கள் கொண்டது இதுதான்: 2,000க்கும் மேல். புழு தன் முதல் நான்கு பருவங்களையும் கூடில்லாமலே கழிக்கிறது. ஐந்தாவதில்தான் வாயிலிருந்து வரும் பட்டிழையால் சப்பையான பணப்பை மாதிரி ஒரு கூடு கட்டுகிறது. சில இனங்கள் அதன்மேல் மணலும் பதிக்கும். பாசி இழையைத் துளைத்து உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சி வாழ்பவை பல.

இத்தனை சிறிய பூச்சி புதிய இனம்தான் என்று எப்படி உறுதிசெய்வது? நிறமும் இறகும் உதவாது. மதுசாரத்தில் போட்டால் நிறம் மங்கிவிடும். ஆணின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்புத்தான் அடையாளம். அந்த நுனியை எரிபொட்டாசுக் கரைசலில் இட்டுத் தசையைக் கரைத்து, நுணுக்குக்காட்டியில் பல கோணங்களில் வைத்து வரைகிறார்கள். ஒரு கொக்கியின் வளைவோ ஒரு முள்ளின் நீளமோ ஏற்கெனவே வெளியான எந்த இனத்தோடும் பொருந்தாவிட்டால்தான் புதுப்பெயர். ஒரேயொரு பூச்சி அந்தப் பெயருக்கான மூல மாதிரியாக அருங்காட்சியகத்தில் வைக்கப்படும். எனக்கு இதில் வியப்பு தருவது பொறுமைதான்: பூச்சியைப் பிடிப்பது ஒரு மாலை வேலை, ஒப்பிட்டுப் பார்ப்பதோ மாதக்கணக்கில் நீளும்.

இலங்கையில் இந்த வேலை கோப்பித் தோட்டத்தில் தொடங்கியது. றம்பொடைப் பக்கம் கோப்பி பயிரிட்ட ஜெர்மானியர் நீட்னர் சேர்த்த பூச்சிகளைக் கொண்டு பூச்சியியலாளர் ஹேகன் 1858இல் கேடிஸ் பூச்சிகளும் அடங்கிய இலங்கைப் பட்டியலை வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து, 1958இல், பெர்னான் ஷ்மிட் ஏராளமான புதிய இனங்களை விவரித்தார். முகடுகள் பிரித்துவைத்த ஓடைகளில் இடத்துக்கிடம் வேறு இனம் உருவாக வாய்ப்புண்டு. அதனால் ஊவாவின் ஒவ்வொரு ஓடையையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஓடைக்கரையில் இருட்டிய பிறகு ஒரு விளக்கு, அதன்கீழ் சவர்க்காரம் கலந்த தண்ணீர்த் தட்டு, சிறு போத்தலில் மதுசாரம், பென்சிலால் இடமும் திகதியும் எழுதிய துண்டுக் காகிதம் போதும். பல இனங்களில் ஆணுக்கு மட்டுமே விவரணை உண்டு. அவற்றின் புழு எது என்பது தெரியவந்திருக்காது. புழுவைத் தொட்டியில் வளர்த்து எந்த ஆண் வெளிவருகிறது என்று பார்ப்பதற்கு ஓடைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஆள் தேவை. பதுளை மாவட்டத்து உயிரியல் மாணவர்கள் அதைச் செய்யலாம்.