ஐயோ! இந்தச் சொல்லுக்குள் இத்தனை சங்கதியா?

பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையம். ஓடி வந்தும் பஸ் கிளம்பிவிட்டது. தமிழரா, கன்னடரா, தெலுங்கரா, மலையாளியா? யாராக இருந்தாலும் வாயில் வருவது ஒன்றுதான்: ஐயோ! நாம் ‘ஐயோ பாவம்’ என்றால் கன்னடர் ‘அய்யோ பாப’ என்பார். கடல் தாண்டிப் போனால் சிங்களருக்கும் அதே ‘அய்யோ’தான்!

இந்த ‘ஐயோ’வை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே 2016இல் சேர்த்துக்கொண்டது தெரியுமா? சீன மொழியிலும் இதே ஒலியில், இதே பதைப்போடு ஒரு சொல் உண்டு. சிங்கப்பூரில் முதுகுக்குப் பின்னால் ‘ஐயோ’ என்று கேட்டால், அது தமிழா சீனமா என்று திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்!

பிறந்த கதை? ‘ஐயன்’ என்றால் தந்தை, தலைவன். வலித்தால் ‘அம்மா’ என்கிறோமே, அப்படி ஐயனைக் கூவி அழைத்ததே ‘ஐயோ’ ஆயிற்று என்பார்கள்.

வயது? புறநானூற்றிலேயே இருக்கிறது! 255ஆம் பாட்டு, பாடியவர் வன்பரணர். காட்டு வழியில் கணவன் இறந்து கிடக்கிறான். ‘ஐயோ’ என்று அலறலாம். புலி வந்துவிடுமோ என்று மனைவிக்குப் பயம். தூக்கிச் செல்லலாம், அகன்ற மார்பு, தூக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொள், மலை நிழல் வரை மெல்ல நடந்துவிடலாம் என்று செத்தவனிடம் கெஞ்சுகிறாள். வாய்விட்டு ‘ஐயோ’ சொல்லக்கூட வழியில்லாத துக்கம்!

துக்கத்துக்கு மட்டும்தான் ‘ஐயோ’வா? இல்லவே இல்லை! ‘ஐ’ என்றாலே வியப்பு என்கிறது தொல்காப்பியம். திருவரங்கத்துப் பெருமாளின் சிவந்த வாயழகில் மயங்கி ‘ஐயோ’ என்கிறார் திருப்பாணாழ்வார். கம்பரோ, ராமன் நிறத்துக்குக் கண்மை, மரகதம், கடல், மேகம் என்று உவமை தேடித் தேடி, எதுவும் எட்டாமல் ‘ஐயோ’ என்று கையை விரித்துவிடுகிறார்!

‘ஐயோன்னு சொல்லாதே, அது எமன் பெண்டாட்டி பேரு’ என்று பாட்டிமார் அதட்டுவார்கள். சரி, அதே பாட்டி கையிலிருந்து பால் செம்பு நழுவட்டும். என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?