மென்தாடை: பொருளின் வடிவில் வெட்டப்படும் பிடி

உலோக வேலையில் வெட்டுவதைவிடப் பற்றுவதே கடினம். செவ்வக அலுமினியக் கட்டி ஒன்று துருவல் பொறியில் ஏறுகிறது. பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியான வைஸின் தட்டையான எஃகுத் தாடைகள் அதைச் செவ்வனே கவ்வுகின்றன. மேற்புறத்தை வெட்டி, ஓரங்களை வளைவாகச் சீவி முடித்தபின், பொருளைக் கவிழ்த்து அடிப்புறத்தை வெட்ட வேண்டும். இடர் அப்போதுதான் எழுகிறது. இணையாக நின்ற பக்கங்கள் போய்விட்டன. தாடை பற்றுவதற்கு வளைவுகளே எஞ்சியுள்ளன.

40 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டைத் தட்டைத் தாடைகளுக்கிடையே இறுக்கினால், ஒவ்வொரு தாடையும் அதைத் தொடுவது ஒரு கோட்டில் மட்டுமே. பரப்பின்றிக் குவியும் விசை, சீவி முடித்த விளிம்பில் வடு பதிக்கும். வெட்டுளியின் பக்கவாட்டுத் தள்ளலில் தகடு சுழன்றுவிடவும் கூடும். அதே தகட்டின் வளைவைத் தாடைகளிலேயே 10 மி.மீ. ஆழத்திற்குக் குடைந்து, அக்குழியில் அமர்த்தினால் நிலைமை மாறிவிடும். விசையை எதிர்கொள்ளும் பரப்பு ஏறத்தாழ 400 சதுர மி.மீ. ஆகிறது. 8,000 நியூட்டன் விசையில் இறுக்கினாலும் சராசரி அழுத்தம் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன்தான். பட்டறைகளில் பெருவழக்கான 6061-டி6 அலுமினியம் நிலையாக உருக்குலையத் தொடங்குவது சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 275 நியூட்டனில்.

இவ்வாறு பொருளுக்கெனக் குடையப்படும் தாடையே மென்தாடை. வழக்கமான தாடை கடினமூட்டிய எஃகால் ஆனது. மென்தாடை பெரும்பாலும் அலுமினியத்தாலும், வேலை நீண்டு தொடருமெனில் மென்னெஃகாலும் ஆனது. எளிதில் வெட்டப்படுவதும் பொருளில் வடு பதிக்காததும் அதன் சிறப்பு.

கேட் (CAD) எனும் கணினிவழி வரைவு மென்பொருளில் இதன் வடிவமைப்பு பார்வைக்கு எளிது. வெற்றுத் தாடைகள் இரண்டை வரைந்து, இடையே பொருளின் முப்பரிமாண உருவை அமர்த்தி, தாடைகளிலிருந்து அவ்வுருவைக் கழித்துவிட்டால் குழி கிடைத்துவிடும். அந்தக் கழித்தலோடு பணி முடிந்ததென்று எண்ணுவதே தொடக்கநிலையாளரின் தவறு.

முதலில் தாடைகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் கருத வேண்டும். இரு தாடைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டால், வைஸ் எவ்வளவு இறுகினாலும் அவ்விசை பொருளைச் சேராது. ஆகவே 3 அல்லது 4 மி.மீ. இடைவெளி விட்டே வரைய வேண்டும். குழியைக் குடையும்போதும் அதே தடிப்புள்ள இடைக்கட்டையை, வெட்டுளி எட்டாத இடத்தில் வைத்து இறுக்க வேண்டும். பொருளைப் பற்றும்போது எவ்வளவு முறுக்குவோமோ, அதே முறுக்கு அப்போதும் வேண்டும். இறுகும்போது நகரும் தாடை சற்றே மேலெழும், சற்றே சாயும். அந்தச் சுமையின் கீழேயே குழி வெட்டப்பட்டால் அப்பிழை குழியோடு சேர்ந்து ஈடாகிவிடும்.

அடுத்தது மூலைகள். சுழலும் வெட்டுளி உருளை வடிவானது; 6 மி.மீ. விட்டமுள்ள உளி உட்புற மூலையில் 3 மி.மீ. ஆர வளைவை விட்டுச்செல்லும். கூரிய மூலையுள்ள பொருள் அங்கே முட்டிக்கொண்டு, இருக்கையில் படியாமல் நிற்கும். எனவே குழியின் மூலைகளைச் சற்றே வெளியே நீட்டிக் குடைய வேண்டும். குழியின் தரை சுவரைச் சேரும் ஓரத்திலும் சிறு பள்ளம் வேண்டும். இல்லையேல் பொருளின் விளிம்பில் எஞ்சிய பிசிறோ ஒரு துளிச் சீவலோ பொருளைத் தூக்கிவிடும். பற்றும் முகங்கள் பொருளோடு பொருந்த வேண்டும். விசை செல்லாத பக்கங்களில் மட்டும் 0.02 முதல் 0.05 மி.மீ. வரை தளர்வு கொடுத்தால் பொருள் தடையின்றி அமரும்.

மென்தாடையின் உண்மையான ஆற்றல், கணினிவழிப் பொறியை இயக்கி வெட்டும் கேம் (CAM) கட்டத்தில்தான் வெளிப்படுகிறது. குழியைப் பொருள் வெட்டப்படவிருக்கும் அதே பொறியில், அதே வைஸில், திருகுகளைத் தளர்த்தாமல் குடைகிறோம். வைஸ் மயிரிழை கோணலாக இருக்கலாம்; தாடையின் திருகுத்துளை விலகியிருக்கலாம். குழி பொறியின் அச்சுகளைக் கொண்டே வெட்டப்பட்டதால் அவற்றில் எதுவும் பொருளின் இருப்பைப் பாதிப்பதில்லை. குழிக்கு எடுத்த சுழிப்புள்ளியே (அளவுகள் தொடங்கும் புள்ளி) இரண்டாம் புற வேலைக்கும் சுழிப்புள்ளி. அதை நகராத தாடையைச் சார்ந்து எடுக்க வேண்டும். கழற்றி மாட்டிய தாடைகளை மீண்டும் மெல்லச் சீவிவிட்டுத் தொடங்குவது நன்று. மேலும் மாஸ்டர்கேம், ஃபியூஷன் போன்ற மென்பொருள்களில் தாடையின் உருவையும் சேர்த்தளித்தால், வெட்டுளியோ அதன் பிடிப்பானோ தாடையில் மோதுமா என்பதைத் திரையிலேயே கண்டுகொள்ளலாம். இதைச் செய்யாமல் பொறியை ஓட்டுவது பொறுப்பற்ற செயல் என்பேன்.

கடைசல் பொறியில் பொருளைக் கவ்விச் சுழற்றும் மூன்று தாடைச் சக்கிலும் இதே நெறிதான். அங்கே தாடைகளை ஒரு வளையத்தில் இறுக்கிக்கொண்டு பொருளின் விட்டத்திற்குக் குடைவர். மெல்லிய வளையத்தை மூன்று இடங்களில் மட்டும் கவ்விக் கடைந்தால், கவ்வியிருக்கும்வரை வட்டமாகத் தோன்றும் துளை, விடுவித்ததும் மும்முகமாய் நெளியும். அகன்ற மென்தாடைகள் சுற்றளவின் பெரும்பகுதியைத் தழுவி அந்நெளிவைக் குறைக்கின்றன. ஆனால் சுழல்வேகம் இரட்டித்தால் தாடையை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். எனவே தாடையின் எடையையும் கணக்கில் கொள்ளாமல் வேகத்தை உயர்த்தலாகாது.

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பொருளின் வரைபடத்தை ஒப்படைக்கும்போது, அதைக் கவிழ்த்துப் பற்றும் தாடையின் வரைபடத்தையும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்தே மதிப்பெண் இடுங்கள்.