வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா?

200 ஆண்டுக்கு முந்திய ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது!

வேடந்தாங்கல் ஒரு சின்ன கிராமம். அங்கே உள்ள ஏரியும் சின்னதுதான். அதன் பரப்பு சுமார் 74 ஏக்கர். ஒரு மணி நேரத்துக்குள் கரை முழுவதையும் நடந்து பார்த்துவிடலாம்.

ஆனால் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால், அங்கே ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடிவிடுகின்றன. தண்ணீரில் நிற்கும் மரங்களில் இலையைவிடப் பறவை அதிகமோ என்று நினைக்கத் தோன்றும். கொக்கு, நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் குடித்தனம் நடத்துகின்றன!

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் இருக்கிறது இந்த ஊர். சென்னையில் இருந்து சுமார் 80 கிலோ மீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் சென்று, படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும்.

பறவை பார்த்துப் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். காட்டில் ஒரு குருவியைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். இங்கே அந்தக் கஷ்டம் இல்லை. கரையில் நின்றால் போதும். எல்லாம் கண் முன்னே நடக்கிறது.

வேடர் ஊரில் அடைக்கலம்

"வேடந்தாங்கல்" என்றால் வேடர்களின் தாங்கல் என்று பொருள் சொல்வார்கள். தாங்கல் என்பது சிறிய ஏரி. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் வந்து போன இடம், இன்று பறவைகளுக்கு அடைக்கலம் தருகிறது!

இது எப்படி நடந்தது?

18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். "எங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது" என்று கேட்டார்கள்.

அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ் துரை. அவர் ஊராரின் கோரிக்கையை ஏற்றார். 1798-ல் "கவுல்" என்னும் உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்குக் கிடைத்தது. 1858-ல் அந்தப் பத்திரம் புதுப்பிக்கப்பட்டது.

பறவைகளைப் பாதுகாக்கச் சட்டங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, ஒரு கிராமம் தன் ஏரிக்குத் தானே காவல் போட்டுவிட்டது!

பறவை தரும் கூலி

ஊர் மக்கள் பறவை மேல் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு இரக்கம் மட்டுமே காரணம் அல்ல. வயலும் ஒரு காரணம்.

ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச் சத்து நிறைய உண்டு. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. நெல் செழித்து வளர்கிறது. தண்ணீரோடு சேர்ந்து உரமும் இலவசமாக வந்துவிடுகிறது!

பறவை உரம் தர வேண்டும். ஊர் அமைதி தர வேண்டும். பறவைக்கும் ஊருக்கும் உள்ள ஒப்பந்தம் இதுதான்.

அங்கே போகும் ஒவ்வொருவரும் இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்களே.

எப்போது போவது?

நவம்பரில் பறவைகள் வரத் தொடங்குகின்றன. மார்ச் வரை இருக்கின்றன. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் நல்லவை. அப்போது கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாவற்றையும் பார்க்கலாம்.

மழை பொய்த்த ஆண்டில் பறவை குறைந்துவிடும். ஆகவே ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

விடிந்ததும் போக வேண்டும். அல்லது மாலை 4 மணிக்கு மேல் போக வேண்டும். நடுப்பகலில் போனால் வெயிலில் நமக்குக் கண் கூசும். பறவைகளும் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்.

என்ன கொண்டு போவது?

ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. அதன் மேல் "8 x 40" என்பது போல் எழுதியிருக்கும். 8 என்றால் பொருள் எட்டு மடங்கு பெரிதாகத் தெரியும். 40 என்பது முன் கண்ணாடியின் அகலம், மில்லி மீட்டரில். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த அளவு போதும். அதிக சக்தி உள்ளதை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்!

அதைப் பயன்படுத்த ஒரு சுலபமான வழி உண்டு. முதலில் வெறும் கண்ணால் பறவையைப் பாருங்கள். பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். பறவை அதற்குள் இருக்கும். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் வானமும் இலையும்தான் தெரியும்.

ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் அவசியம். பச்சை, காக்கி போன்ற மங்கலான நிறத்தில் உடை உடுத்துவது நல்லது.

பைனாகுலர் இல்லையா? கவலை வேண்டாம். கரைக்கும் மரங்களுக்கும் தூரம் அதிகம் இல்லை. வெறும் கண்ணுக்கே பல பறவைகள் நன்றாகத் தெரியும்.

மூக்கைப் பார்த்தால் தொழில் தெரியும்!

முதல் தடவை போகிறவர்கள், எல்லாப் பறவைகளையும் ஒரே நாளில் தெரிந்துகொள்ள ஆசைப்படுவார்கள். கடைசியில் எதுவும் மனதில் நிற்காது. ஐந்து பறவைகளை மட்டும் நன்றாகப் பாருங்கள். அதுவே போதும்.

நிறத்தைவிட மூக்கை முதலில் கவனிக்க வேண்டும். அதைக் கொண்டு பறவையின் பிழைப்பையே சொல்லிவிடலாம்.

நத்தை குத்தி நாரையின் மூக்கில், மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். பாக்குவெட்டியைச் சற்றுத் திறந்து வைத்தது போல் இருக்கும். நத்தையைப் பிடித்து, ஓட்டில் இருந்து சதையை எடுத்துத் தின்னும் பறவை இது. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது.

மஞ்சள் மூக்கு நாரை அழகுக்குப் பேர் போனது. வால் பக்கம் ரோஜா நிற இறகுகள் உண்டு. ஆழம் இல்லாத தண்ணீரில் வாயைப் பாதி திறந்து வைத்தபடி நடக்கும். மீன் வந்து அலகில் பட்டால், உடனே வாய் மூடிக்கொள்ளும்!

கரண்டி வாயனுக்கு அலகின் நுனி கரண்டி போல் தட்டையாக இருக்கும். அறுப்பவன் அரிவாளை வீசுவது போல், தலையை இடமும் வலமும் ஆட்டித் தண்ணீரைத் துழாவும்.

கூழைக்கடாவின் கீழ் அலகில் ஒரு தோல் பை தொங்கும். அதில் மீனைச் சேர்த்து வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. அது ஒரு வலை. மீனையும் தண்ணீரையும் சேர்த்து அள்ளும். தண்ணீரை வடித்துவிட்டு, மீனை விழுங்கிவிடும்.

பாம்புத் தாரா நீந்தும்போது உடல் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும். கழுத்து மட்டும் வெளியே தெரியும். பாம்பு என்றே முதலில் ஏமாந்து போவோம். ஈட்டி போன்ற மூக்கால் மீனைக் குத்தி எடுக்கும்.

நீர்க்காகம் மரக்கிளையில் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு நிற்கும். அது நம்மை வரவேற்கவில்லை. அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும். ஆகவே துணி காயப் போடுவது போல் காய வைக்கிறது!

வெளிநாட்டுப் பறவைகளா?

"வேடந்தாங்கலுக்கு வருவது எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள்" என்று பலர் சொல்வார்கள். இது தவறு.

மரத்தில் கூடு கட்டி, குஞ்சு பொரிக்கும் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் நம் நாட்டுப் பறவைகளே. இரையும் தண்ணீரும் உள்ள இடம் தேடி ஊர் ஊராகச் செல்பவை. பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் பெண் போல், மழைக்காலத்தில் இங்கே வருகின்றன.

ஊசிவால் வாத்து, நீலச் சிறகி போன்ற வாத்துகள்தான் வெளிநாட்டு விருந்தாளிகள். சைபீரியா போன்ற வடதேசங்களில் குளிர் தாங்காமல் இங்கே வருகின்றன. அவை நம் ஊரில் கூடு கட்டுவது இல்லை. தின்று, இளைப்பாறி, கோடை வந்ததும் திரும்பிவிடும். பக்கத்தில் உள்ள கரிக்கிளி ஏரியிலும் இந்த வாத்துகளைக் காணலாம்.

தண்ணீரே கோட்டை

பறவைகள் தண்ணீரில் நிற்கும் மரங்களாகப் பார்த்துக் கூடு கட்டுவது ஏன்?

நீர்க் கடம்பு, கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருக்கும் வரை பூனை, நரி, நாய் எதுவும் நெருங்க முடியாது. ஏரித் தண்ணீர் கோட்டைக்கு அகழி போல் காவல் நிற்கிறது.

கூடுகளைச் சற்று நேரம் பாருங்கள். தாய் நாரை நடுப்பகல் வெயிலில் இறக்கையை விரித்து நிற்கும். குடை பிடிப்பது போல் குஞ்சுக்கு நிழல் தரும். தந்தையும் தாயும் மாறி மாறி இரை தேடி வரும். கொண்டு வந்த மீனைக் கக்கிக் கொடுக்கும். கூழைக்கடாக் குஞ்சு, தாயின் தோல் பைக்குள் தலையையே விட்டுத் தின்னும்!

மாலையில் இன்னொரு வேடிக்கை. பகலில் இரைக்குப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும். அதே நேரத்தில், பகல் முழுவதும் தூங்கிய வக்கா என்னும் சிவந்த கண் கொக்கு, வேலைக்குப் புறப்படும். மில் தொழிலாளர்கள் ஷிப்டு மாறுவது போல் இருக்கும்.

ஒரு சத்தத்தின் விலை

பறவை பறப்பதைப் பார்க்க வேண்டும் என்று சிலர் கைதட்டுவார்கள். சிலர் கல் எறிவார்கள். "ஒரு கல்தானே?" என்று நினைப்பார்கள்.

தாய்ப் பறவை பயந்து எழுந்து பறந்தால், கூடு காலியாகிவிடும். அந்த நேரம் பார்த்துக் காகம் முட்டையைத் தூக்கிப் போய்விடும். பச்சைக் குஞ்சு வெயிலில் வாடும். நமக்கு ஒரு நிமிட வேடிக்கை. அதற்கு ஒரு குஞ்சின் உயிர்!

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பது இல்லை. அவர்களால் பண்டிகையை அமைதியாகக் கொண்டாட முடிகிறது. நம்மால் இரண்டு மணி நேரம் அமைதியாக இருக்க முடியாதா?

ஏரி மட்டும் போதுமா?

பறவைகள் வேடந்தாங்கலில் குடியிருக்கின்றன. ஆனால் சாப்பாடு முழுவதும் அங்கே கிடைப்பது இல்லை. 74 ஏக்கர் ஏரியில் இத்தனை குஞ்சுகளுக்கு மீன் ஏது? சுற்றிலும் உள்ள ஏரிகளிலும் வயல்களிலும்தான் இரை தேடுகின்றன. அந்த ஏரிகள் தூர்ந்தாலும், நஞ்சு கலந்தாலும், வேடந்தாங்கல் குஞ்சு பட்டினி கிடக்கும்.

அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை உள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த எல்லையைக் குறைக்க யோசனை எழுந்தது. மக்களிடையே பலத்த எதிர்ப்புக் கிளம்பியது.

2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிளியும் "ராம்சார்" பட்டியலில் சேர்ந்தன. ஈரான் நாட்டில் உள்ள ராம்சார் நகரில் 1971-ல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உலகில் முக்கியமான நீர்நிலைகளைச் சேர்க்கும் பட்டியல் அது.

உலகம் இன்று மதிக்கும் இந்த ஏரியை, எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள் பலர் அன்றே மதித்தார்கள். கலெக்டரிடம் போய் நீதி கேட்டார்கள். அவர்கள் பேரன்மார் இன்றும் காக்கிறார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போங்கள். ஐந்து பறவைகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பேச்சைக் குறைத்து, கண்ணைத் திறந்து வையுங்கள். திரும்பும்போது நோட்டில் ஐந்து பெயர் இருக்கட்டும். கரையில் ஒரு காகிதத் துண்டுகூட இருக்க வேண்டாம்!