ஆயா பாட்டைத் திறந்த ஆரஞ்சுக் கூம்பு



கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க, அதில் ஏற்கெனவே இருக்கிற பிளேயரைத்தான் நாம எல்லாரும் தட்டுகிறோம். அதற்குப் பதிலாக, காசு கொடுக்காமல், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய பிளேயர்களும் உண்டு. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். பெயர் வி.எல்.சி. ஆரஞ்சும் வெள்ளையுமாக, ரோட்டில் வைக்கிற கூம்பு மாதிரி ஒரு படம் இருக்கும்.

எங்க ஆயா தேசிங்கு ராஜா கதையைப் பாட்டாவே பாடுவாங்க. நடவு வயலில் பாடிப் பாடிப் பழகின குரல். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் மாமா தன்னோட பட்டன் போனில் அதை ரெக்கார்டு பண்ணினார், 22 நிமிஷம். இப்போ ஆயாவுக்கு மூச்சு வாங்குது. சேர்ந்தாப்போல நாலு அடி பாட முடியாது. அந்தப் போனும் போயிடுச்சு. மெமரி கார்டு மட்டும்தான் மிச்சம். அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் கார்டைப் போட்டோம். ஃபைல் பெயர் தெரியுது, ஆனா பாடலை. "இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது" என்கிற மாதிரி ஒரு கட்டம் வந்தது. அம்மா, "கார்டு கெட்டுப்போச்சு, விடுடி" ன்னு சொல்லிட்டாங்க.

கார்டு கெடவில்லை. நம்ம கோட்டைக்குள் சாதத்துல்லா கான் மசூதி இருக்கிறது இல்லையா? 1714-இல் தேசிங்கு ராஜாவோடு போரிட்ட ஆற்காட்டு நவாபின் பெயரில் உள்ளது. அங்கே கல்லில் பாரசீக எழுத்து வெட்டியிருக்கும். நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காகக் கல்வெட்டு கெட்டுப்போச்சு என்று சொல்வோமா? படிக்கத் தெரிந்தவரைக் கூட்டி வர வேண்டும், அவ்வளவுதான். பிளேயரும் அப்படித்தான். ஃபைல் எந்த முறையில் எழுதப்பட்டதோ அந்த முறை அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயா பாட்டு ஃபைலின் பெயர் ஏ.எம்.ஆர். என்று முடிந்தது. பேசுகிற குரலுக்காகவே போன்களில் வைத்த முறை அது. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எழுதுவார்கள். இதில் 8,000 தடவைதான். அதையும் ரொம்பச் சுருக்கி எழுதும். சிடி முறையில் 10 நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 100 எம்.பி. பிடிக்கும். இதில் 1 எம்.பி. கூட ஆகாது. அந்தக் காலத்துச் சின்ன கார்டுக்கு இதுதான் தோது.

அண்ணன் வி.எல்.சி.யை இறக்கிப் போட்டான். ஃபைலைத் தட்டியதுமே ஆயா குரல் வந்துவிட்டது!

இது எப்படி முடிகிறது? மற்ற பிளேயர்கள் பல, கம்ப்யூட்டரில் இருக்கிற படிக்கும் கருவிகளை நம்பி இருக்கும். வி.எல்.சி. தனக்கு வேண்டியதைத் தன் கூடவே கொண்டு வருகிறது. இதை ஆரம்பித்ததும் நம்மைப் போல மாணவர்கள்தான் (வயசில் பெரியவங்க). 1996-இல் பிரான்ஸ் நாட்டில் எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற கல்லூரியில் தொடங்கினார்கள். அங்கே மாணவர் சங்கத்தில் ரோட்டுக் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம், அதனால்தான் அந்தப் படம். 2001 பிப்ரவரி 1-இல் இதன் நிரலை எல்லாருக்கும் திறந்து விட்டார்கள். திறந்த மூலம் என்பது இதுதான். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம். ஒரு புது முறையைப் படிக்க யாராவது எழுதிக் கொடுத்தால் எல்லாருக்கும் அது கிடைக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேகத்தைக் குறைக்கிற வசதி. பகர அடைப்புக்குறி இருக்கே, அதில் இடதுபக்கக் குறியை அழுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகும், வலதுபக்கக் குறி வேகமாக்கும். ஆயா மூச்சு விடாமல் பாடின இடங்களை மெதுவாக்கி நோட்டில் எழுதினேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் ஒரு பட்டன் உண்டு. நாலு நாள் ஆச்சு. ஆயா கூடவே உட்கார்ந்து கேட்டுட்டு, "குதிரை வர்ற எடத்துல ரெண்டு அடி உட்டுட்டேனே" ன்னு சொன்னாங்க. அந்த ரெண்டு அடியையும் மெல்லச் சொன்னாங்க, ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மீடியா என்ற மெனுவில் வேறு வகையாக மாற்றிச் சேமிக்கிற வசதி இருக்கிறது. எம்.பி.3 ஆக மாற்றி மாமா போனுக்கு அனுப்பினோம். ஆனால் மாற்றினால் குரல் தெளிவாகிவிடும் என்று நினைக்காதீங்க. போன் எழுதாமல் விட்டதை எந்தப் பிளேயராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் பழைய ஃபைலை அழிக்கக் கூடாது. அதையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

இறக்கும்போது ஒரு கவனம். வி.எல்.சி. என்று பெயர் போட்டுக்கொண்டு கண்டதையும் தருகிற தளங்கள் இருக்கின்றன. வீடியோலேன் டாட் ஆர்க் என்பதுதான் அசல். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் அந்தத் தளம் திறக்காமல் முடக்கப்பட்டிருந்தது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அப்போதும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தவர்களுக்குப் பிளேயர் பாடிக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் கார்டில் இருக்கிற பாட்டைப் பாட நெட் தேவையில்லை.

உங்க வீட்டுப் பரணில் பழைய பட்டன் போன் கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். கார்டு பேட்டரிக்கு அடியில் இருக்கும். சில போனில் பக்கவாட்டில் இருக்கும். கார்டே இல்லையென்றால் ரெக்கார்டு போனுக்குள்ளேயே இருக்கலாம். அப்போ ஒரு பழைய சார்ஜரைத் தேட வேண்டியதுதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி