கொல்லம் சாலை – 14: நோக்குகூலி கேட்காத கண்

சிவகிரியைத் தாண்டி வாசுதேவநல்லூருக்குள் நுழையும்போது வெயில் ஏறிவிட்டது. சாலையோரப் புளியமர நிழலில் ஒரு கண்டெய்னர் பாடி லாரி, பின்கதவு இரண்டும் விரியத் திறந்து நின்றது. உள்ளே ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒருவர் ட்ரில்லிங் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய அக்கா மகன்.

“என்ன அண்ணாச்சி, உள்ளுக்க ஃபேன் மாட்டுதியளா?”

“ஃபேன் இல்ல தம்பி, கேமரா. முன்னால முன்பக்கத்துல மாட்டியிருந்தேன். அது சுத்த தண்டம். இப்ப பின்னால மாத்துதேன்.”

இந்தச் சாலையில் மேற்கே மலையாளக் கரைக்குப் போகிற சரக்கில் பெரும்பகுதி, திறந்த பாடியில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிப் போவது. எலுமிச்சை, காய்கறி, வைக்கோல், செங்கல். அதில் சேதம் வந்தால் ஒளிக்க முடியாது. புளியங்குடி எலுமிச்சை நசுங்கினால் கதவைத் திறந்தா பார்க்க வேண்டும்? மூக்கே சொல்லிவிடும். கண்டெய்னர் கதை வேறு. ஏற்றுகிற இடத்தில் கதவை மூடி சீல் வைத்தால், இறக்குகிற இடத்தில்தான் திறப்பு. நடுவே உள்ள எழுநூறு எண்ணூறு கிலோமீட்டருக்கும் பொறுப்பு, எதையும் பார்க்காத டிரைவருக்கு.

“ஏத்தும்போது நம்மள உள்ள விடமாட்டாவ. அங்கன ஒரு ஷெட்டு கிடக்கும், அதுல உக்காரணும். சீல் போட்டப் பெறவுதான் கூப்பிடுவாவ. கையெழுத்து மட்டும் நம்ம கையெழுத்து.”

அந்தக் கையெழுத்துக்கு மேலே அச்சிட்டிருப்பது: சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது. போன வருஷம் சென்னைப் பக்கத்து குடோன் ஒன்றிலிருந்து வாஷிங் மெஷின் ஏற்றிக் கொல்லம் போயிருக்கிறார். இறக்கும்போது இரண்டு பெட்டியின் மூலை உள்ளே போயிருந்தது. ரசீதில் ‘டேமேஜ் 2’ என்று எழுதிவிட்டார்கள். லாரி வாடகையில் பெரும்பங்கு அட்வான்ஸாக வந்துவிடும். மிச்சம், சரக்கு சேர்ந்ததற்கான அத்தாட்சிக் காகிதம் திரும்பிய பிறகு. அந்தக் காகிதத்தில் ‘டேமேஜ்’ என்று ஒரு சொல் இருந்தால் பாக்கியில் கை வைப்பார்கள். அவருக்குப் பாக்கியே வரவில்லை.

பெட்டியே பாதிக் கதையைச் சொல்லும் என்றார். ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தால் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். அடி வரிசை மொத்தமும் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தால் மேலே அடுக்கு அதிகம். வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்த முகம் அமுங்கியிருந்தால் அது பிரேக். அந்தப் பழி டிரைவருடையதுதான், அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் பெட்டி எப்போது நசுங்கியது என்பதைப் பெட்டி சொல்லாது. அதற்குத்தான் கேமரா.

கேமரா மாட்டுவது வீட்டு வாசலில் மாட்டுவது போல இல்லை. லாரி பேட்டரி 24 வோல்ட், கேமரா கேட்பது 12. இடையில் கன்வெர்ட்டர் வேண்டும். கதவை மூடினால் உள்ளே கும்மிருட்டு. அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா கறுப்பு வெள்ளையில் பார்க்கும்; ஆனால் பெட்டிமேல் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் அந்த வெளிச்சம் திருப்பி அடித்து, படம் முழுக்க வெள்ளைத் திட்டு. குலுக்கலில் மெமரி கார்டு கழன்றுகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, முன்சுவரில் மாட்டினால் மூன்று வரிசை ஏற்றிய பிறகு அதற்குத் தெரிவது ஓர் அட்டைப்பெட்டியின் முதுகு மட்டும். ‘தண்டம்’ என்று அவர் சொன்னது இதை. கதவுச் சட்டத்துக்கு மேலிருந்து உள்ளே பார்க்கும்படி வைத்தால் ஒவ்வொரு பெட்டியும் அதன் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணத் தரத்தில் ஒரு கேமரா மணிக்கு 1.8 ஜி.பி. பிடிக்கிறது என்றால், 128 ஜி.பி. கார்டு 71 மணி நேரம்தான் தாங்கும். பிறகு பழசை அழித்து அதன்மேல் எழுதும். சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்புவதற்குள், ஏற்றிய படம் காணாமல் போயிருக்கும். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 (1865-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது, 2011 மார்ச் 1 முதல் நடப்பில்), சேதத்துக்கு நோட்டீஸ் கொடுக்கச் சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாள் தருகிறது. 71 மணி நேர ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஆறு மாத வழக்குக்குப் பதில் சொல்ல முடியுமா? கதவில் ஒரு சுவிட்ச் வைத்துத் திறந்திருக்கும்போது மட்டும் பதிவாகும்படி செய்யச் சொன்னேன். அதை ஏற்கெனவே செய்துவிட்டார். எனக்குத்தான் தாமதமாகத் தோன்றியிருக்கிறது.

அதே சட்டப்படி, வழக்குப் போடுகிறவர் டிரான்ஸ்போர்ட்காரரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கு கெட்டது என்று காட்டினால் போதும். அப்படியென்றால் ‘ஏற்றும்போதே கெட்டிருந்தது’ என்று காட்டுகிற வேலை யார் தலையில் விழும்? டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் தலையில். அங்கிருந்து உருண்டு இந்தப் புளியமரத்தடிக்கு. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன் என்றார். அது போதாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். போய்ச் சேர்வது வேறொரு கோப்பு. மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் – பஷீர் வழக்கில் சொன்னது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் கைரேகை போன்ற ‘ஹேஷ்’ எண்ணையும் எழுத வேண்டும். கார்டைக் கழற்றி, தேதி எழுதி, அப்படியே எடுத்து வைப்பதுதான் உத்தமம். பாக்கி வாடகைக்காக யாரும் நீதிமன்றம் வரை போவதில்லை என்பது வேறு விஷயம். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் மேஜையில் போனை நீட்டினாலே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

லோடுமேன்கள் என்ன சொல்கிறார்கள்? முதலில் முறைத்தார்களாம். “எங்களத் திருடன்னு நினைச்சியாவே?” என்று ஒருவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து, முகம் விழாமல் கையும் பெட்டியும் மட்டும் விழும்படி வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் பெட்டியைத் தாலாட்டியா இறக்குவார்? அவசரப்படுத்துகிற குடோன் கேமராவில் விழுவதே இல்லை.

கேரளத்தில் முன்பு ‘நோக்குகூலி’ என்று ஒன்று இருந்தது. வேறு ஆளோ இயந்திரமோ சரக்கை இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. 2018 மே தினத்திலிருந்து அரசு அதற்குத் தடை போட்டது. “நம்ம கேமராவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, கூலி கேக்கல” என்று அண்ணாச்சி சிரித்தார்.

முதல் பதிவில் மாட்டியது யார் தெரியுமா? குடோன்காரரும் இல்லை, லோடுமேனும் இல்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த இந்தப் பையன்தான். இறக்கும்போது பெல்ட் அவிழ்க்க எட்டாமல் ஒரு வாஷிங் மெஷின் பெட்டிமேல் ஏறி நிற்கிறான். மாமா போனில் காட்டியபோது அவன் மரத்தைப் பார்த்தான்.

கதவு சுவிட்ச் வைப்பதற்கு முன்னால் பதிவான இன்னொரு படமும் காட்டினார். காலி வண்டி, மூடிய கதவு, நண்பகல். கறுப்பில் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு புள்ளி, நட்சத்திரம் மாதிரி. கூரைத் தகட்டில் எங்கோ ஓட்டை. போன மழையில் நான்கு பெட்டி நனைந்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். “தம்பி, நீங்க உள்ள நில்லுங்க, நான் கதவச் சாத்துதேன். எங்கனன்னு சொல்லுங்க.”

சாத்தினார். இரும்பும் பழைய அட்டையும் கலந்த வாடை, அடுப்புச் சூடு. கண் பழக ஒரு நிமிஷம் ஆனது. மேலே பார்த்தேன். புள்ளி ஒன்று இல்லை, மூன்று. கேமராவுக்குத் தெரியாத இரண்டில் ஒன்று, அதற்கு வயர் இழுக்க அவரே போட்ட ஓட்டை.

(பயணம் தொடரும்)